எலும்பில் பிடித்த கை

வெள்ளிக்கிழமை. நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரம் தொடக்கம் பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வரை.

நோயாளி: பெண், ஓய்வுபெற்ற மயக்க மருந்து நிபுணர். இடம்: அவருடைய வீடு, சாய்ந்தமருது. நோய்: தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழத்தல். நினைவு: இல்லை. கிடை: இடப்பக்கம் ஒருக்களித்து. தலைக்குக் கீழ்: மடித்த துவாய். மூச்சு: ஆழமற்றது, ஒழுங்கற்றது. தொண்டையில் சளி, இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கப்பட்டது. நாக்கு பின்னால் விழுந்து மூச்சு வழி அடைபட்டது. தாடை கையால் முன்னோக்கி உயர்த்தப்பட்டது, வழி திறந்தது. பிடித்தவர்: கணவர். கொடுக்கப்பட்ட நீர்: மக்காவின் ஸம்ஸம், பஞ்சில் நனைத்து, உதட்டில் மட்டும். மூச்சுக்குழாயில் குழாய் இடப்படவில்லை. கழுத்தில் துளை இடப்படவில்லை. அஸர் பாங்கொலிக்குச் சற்றுப் பின் மூச்சு நின்றது.

இப்படித்தான் என் மனைவி எழுதியிருப்பார். மயக்கப் பதிவில் நடந்தது மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. பயிற்சிக்கு வந்த மருத்துவர் ஒருவர் “துரதிர்ஷ்டவசமாக” என்று ஒரு வசனத்தைத் தொடங்கியிருந்ததை அவர் கோடிட்டு வெட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். “அது நோயாளிட மூச்சப் பத்தின விசயமில்ல, உங்கட மனசப் பத்தின விசயம். அத வீட்ட கொண்டு போங்க” என்றார். ஆகவே பதிவை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வீட்டில் நான் மட்டுமே இருக்கிறேன்.

துவாயிலிருந்து தொடங்குவதுதான் முறை. பல தடவை அவித்துத் தோய்த்து நிறம் வெளுத்துப்போன பச்சைத் துவாய் அது. ஆஸ்பத்திரித் தலையணைகளை அவர் ஒருபோதும் நம்பியதில்லை. தலையணை தூக்கத்துக்கு, துவாய் மூச்சுக்கு என்பார். நீளவாக்கில் மடித்து, அந்த மடிப்பை மீண்டும் மடித்து, விளிம்பு பிடரிக்குக் கீழே வராமல் மண்டையின் அடியில் மட்டும் வரும்படி வைப்பார். அப்போது படுத்திருப்பவரின் முகம் சற்றே முன்னுக்கு எழும்பும். அடுப்பில் கொதிக்கும் ஆணத்தின் மூடியைத் திறந்து மணம் பார்ப்பவர் முகத்தை எப்படி நீட்டுவாரோ, அந்த நிலை. அந்த நிலையில் வாயிலிருந்து மூச்சுக்குழாய்க்குப் போகும் பாதை தன் வளைவைக் குறைத்துக்கொள்கிறது. பிறர் மடித்துத் தந்த துவாயை அவர் வாங்குவார், நன்றி சொல்வார், விரித்துவிட்டுத் தானே மடிப்பார்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே சத்திரசிகிச்சை மேசையில் வேலை செய்தவர்கள். நான் சத்திரசிகிச்சை நிபுணர். நோயாளியின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித் திரை தொங்கும். திரைக்கு இப்பால் உள்ள உடல் என் பொறுப்பு. அப்பால் உள்ள முகம் அவர் பொறுப்பு. எங்களைப் பற்றி ஊரில் ஒரு பகிடி உலவியது. “பொஞ்சாதி ஆள மயக்கிப் போடுவா, புரிசன் அறுப்பாரு. பொலிசிலயும் சொல்லேலா, ரெண்டு பேரும் அரசாங்கச் சம்பளம்.” இதைக் கலியாண வீடுகளில் எங்கள் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். என் மனைவி சிரிப்பார். நான் அந்நாட்களில் அதிகம் சிரிக்கும் வழக்கமில்லாதவன்.

மேசையருகே அவர் என்னை “சேர்” என்பார். நான் அவரை “டொக்டர்” என்பேன். யாரும் எங்களை அப்படி அழைக்கச் சொல்லவில்லை. தாமதமின்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட, உறவு குறுக்கே வரக்கூடாது என்று அவரே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. வேலை முடிந்து காரில் திரும்பும்போதும் கொஞ்சத் தூரத்துக்கு அவர் டொக்டராகவே இருப்பார். கல்முனைச் சந்தை தாண்டிய பிறகுதான், “இஞ்சப் பாருங்க, மீன் வாங்கிட்டுப் போவம்” என்று மனைவியாவார். அந்த இடம் வரும்வரை நான் காத்திருப்பேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை.

பொத்துவிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு மீனவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைவாய்ப் பல்லின் அடியில் தொடங்கிய சீழ் நாக்கின் கீழே பரவி, கழுத்து முழுதும் இறுகி வீங்கியிருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. படுக்கவிட்டால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே எச்சில் வடித்துக்கொண்டிருந்தார். சீழை வெட்டி வெளியேற்ற வேண்டியவன் நான். அதுவரை அவருடைய மூச்சைக் காக்க வேண்டியவர் என் மனைவி. தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தால் நோயாளி தானாக மூச்சு விடுவதும் நின்றுவிடும்; பிறகு குழாய் போக மறுத்தால் திரும்பி வர வழியில்லை. ஆகவே மயக்க வாயுவை முகமூடி வழியாகச் சிறிது சிறிதாகக் கொடுத்து, மூச்சை அந்த மனிதரிடமே விட்டுவைப்பது என்று முடிவு செய்தார். அதற்கு முன்னர் அவருடைய வீங்கிய கழுத்தைத் தடவித் தடவி, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வெட்ட வேண்டி வந்தால் வெட்ட வேண்டிய இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டார்.

“சேர், கையுறை போட்டுட்டு நில்லுங்க. நான் சொன்னா கத்திய எடுங்க. சொல்லாமத் தொடாதீங்க.”

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் சென்றது. மயக்கம் ஆழமானதும் தொண்டை தளர்ந்து வழி அடைபட்டது. நெஞ்சு எழும்ப முயன்றது, காற்று உள்ளே போகவில்லை. விரலில் மாட்டியிருந்த கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தரம் ஒலிக்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறைய அதன் சுருதி தாழும். அந்தச் சுருதி இறங்குவதை ஒருமுறை கேட்டவர்களுக்கு அது பிறகு எந்த மௌனத்துக்குள்ளிருந்தும் கேட்கும். என் மனைவி தாடையைத் தூக்கிப் பிடித்தார். முகமூடி வழியாக அழுத்திப் பார்த்தார். தொண்டையைப் பார்க்கும் விளக்குக் கருவியை அந்தச் சிறு இடைவெளியில் செலுத்திப் பார்த்தார். தலையின் நிலையை மாற்றி மீண்டும் ஒருமுறை பார்த்தார். அதற்கு மேல் பார்க்கவில்லை. கெட்டிக்காரர்கள் பலர் இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று முயன்று, இரத்தம் கசியச் செய்து, கிடைத்த நேரத்தைத் தங்கள் கெட்டித்தனத்துக்காகச் செலவழிப்பதை நான் வேறிடங்களில் கண்டிருக்கிறேன். அவர் கருவியைத் தட்டில் வைத்தார். ஓசை எழவில்லை. திரைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சேர், என்னால ஏலா. இனி உங்கட பக்கம்.”

அவர் போட்ட கோட்டில் வெட்டினேன். குழாய் உள்ளே போனது. சற்று நேரம் தாழ்ந்தே ஒலித்த சுருதி மெல்ல மெல்ல ஏறியது.

பிறகு தேநீர் குடிக்கும்போது கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “ஏலா எண்டு சொல்றதுக்கு வெட்கப்பட்டா ஆள் மௌத்தாப் போயிரும்” என்றார். காயம் ஆறிய பிறகு அந்த மீனவர் ஒரு பெரிய பாரை மீனோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, “அறுத்தது சேர்தானே, தல சேருக்கு. டொக்டருக்கு வால்” என்றார். “அறுக்கச் சொன்ன ஆள் நான். தல எனக்கு” என்று என் மனைவி மீனை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கடல் அமைதியாகும் காலங்களில் பொத்துவில் பஸ்ஸில் எங்களுக்கு மீன் வரும். தலை எப்போதும் அவருக்கே போனது.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பின் ஒரு ரமழானில், கட்டாரில் பொறியியலாளராக இருக்கும் எங்கள் ஒரே மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது என் மனைவிக்குப் புரையேறியது. நீண்ட நேரம் இருமினார். “உம்மாவ ஆரோ நினைக்காங்க போல” என்றான் மகன். “நினைக்கிற ஆக்கள் எல்லாம் இஞ்சதானே இரிக்கீங்க” என்று கண்களைத் துடைத்தார். அவர் சிரித்தபடியே கோப்பையைத் தள்ளிவைத்ததை நான் கவனித்தேன். அடுத்த நாள் ஒரு மிடறு தண்ணீரை வாயில் எடுத்து, கண்ணாடியின் முன் நின்று, தன் தொண்டையில் விரல் வைத்து விழுங்கிப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி, அதன் மேற்பரப்பில் ஓடிய சிறு துடிப்புகளைப் பார்த்தார். கொழும்பில் நரம்பியல் நிபுணர் சொல்லப்போவதை அவர் அந்தக் கண்ணாடியின் முன்னாலேயே அறிந்துவிட்டார் என்று நினைக்கிறேன். வாழ்நாள் முழுதும் பிறர் மூச்சுக்குழாய்க்குள் ஒரு சொட்டு நீரும் தவறிப் போகாமல் காத்த மனிதர் அவர்.

பேச்சு முற்றாகக் குழறிப்போவதற்கு முன்பு ஒரு பிற்பகல், மாமரத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். குழாயும் வேண்டாம், கழுத்தில் துளையும் வேண்டாம் என்றார். நான் மருத்துவ நியாயங்கள் சிலவற்றைச் சொன்னேன். அவை எல்லாம் சரியானவை. அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

“நான் போட்ட குழாயெல்லாம் எடுக்கிறதுக்காகப் போட்டது. போடக்குள்ளயே எப்ப எடுக்கிறதெண்டு நினைச்சுத்தான் போட்டன். எடுக்கேலாத குழாய் எனக்கு வேணாம்.” சற்று இளைப்பாறினார். “உங்கட கையால வேண்டவே வேணாம். பிறகு நீங்க அதயே பாத்துட்டு இரிப்பீங்க.”

மகனிடமும் தொலைபேசியில் சொன்னார். “அத பிறகு கதைப்பம் உம்மா” என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

அதன் பிறகு, தாடையைப் பிடிக்க எனக்குக் கற்றுத் தந்தார். திரைக்கு இப்பால் நின்றே காலம் கழித்தவனுக்கு அது தெரியாது. படுத்துக்கொண்டு, என் கையை இழுத்துத் தன் காதுமடலின் கீழே, தாடை வளையும் இடத்தில் வைத்தார். நான் அழுத்தினேன். “சதையில பிடிக்காதீங்க. சதையில பிடிச்சா நீங்கதான் அடைக்கிறீங்க. எலும்பில பிடிங்க” என்றார். மீண்டும் பிடித்தேன். “மெதுவா. இது ஆஸ்பத்திரிக் கட்டில் இல்ல, என்ட நாடியெலும்பு.” பிறகு கண்களை மூடிக்கொண்டு, “இவ்வளவு காலமும் வயித்தையே பாத்த மனிசன். கழுத்துக்கு மேலயும் ஆள் இரிக்கி” என்றார். நாங்கள் இருவரும் சிரித்த கடைசிச் சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம். அவர் சிரித்ததால் மீண்டும் இருமல் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போகவில்லை. முந்தின நாள் வந்து சேர்ந்திருந்த மகன் பள்ளிவாசலிலிருந்து திரும்பி, தொப்பியைக் கழற்றாமலே கட்டிலருகே நின்றான். மனைவியின் தங்கை, மகனுக்குச் சாச்சி, தலைமாட்டில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார். மூச்சுகளுக்கு இடையிலான இடைவெளி நீண்டுகொண்டிருந்தது.

“வாப்பா, அம்பியூலன்ஸுக்கு அடிக்கட்டா?”

“வேணாம் மகன்.”

“ஆஸ்பத்திரி பக்கத்திலதானே இரிக்கி. உம்மாட்டப் படிச்ச ஆக்கள்தான் அங்க. அவங்க குழாயப் போட்டுருவாங்க.”

“போட்டுருவாங்க. அதாலதான் வேணாம் எண்டன்.”

அவன் என் கைகளைப் பார்த்தான். “நீங்க கழுத்தில வெட்டினா மூச்சு நிக்காதுதானே? எத்தின பேருக்கு வெட்டியிருக்கீங்க?”

“ஓம் மகன். நிக்காது.”

“அப்ப?”

பதிவில் இல்லாத ஒன்றை இங்கே எழுதலாம். அந்தக் கேள்வியின்போது என் இடது கை தாடையைப் பிடித்திருந்தது. வலது கை கத்தியை நினைத்தது. கழுத்து கண்ணுக்கு முன்னால் இருந்தது. மெலிந்திருந்ததால், கோடு போடத் தேவையில்லாத அளவுக்கு அந்தச் சிறு பள்ளம் தெரிந்தது. என்னால் முடியும். திரைக்கு மேலாக இரு கண்கள் என்னைப் பார்த்து, இனி உங்கட பக்கம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. அவர் சொல்லவில்லை. சொல்லாமல் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஒழுங்கு.

சாச்சி ஓதி முடித்துக் கிதாபை மூடிவிட்டு ஸம்ஸம் போத்தலைத் திறந்தார். “மச்சான், ஸக்ராத் நேரம், உசிர் போற நேரம். ரெண்டு கரண்டி ஊத்துவம். ராத்தாட தொண்ட காஞ்சு போகப் போகுது.”

“ஊத்தினா உள்ளுக்குப் போகாது. மூச்சுக்குத்தான் போகும்.”

“மௌத்தாகிற ஆளுக்குத் தண்ணி இல்லயெண்டு சொல்ற டொக்டர நான் கண்டதில்ல.”

“இல்லயெண்டு சொல்லல்ல. உதட்டில வைங்க. பஞ்சில.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கோபம் வந்துபோனதாகவே தெரிந்தது. பிறகு பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, தன் ராத்தாவின் உதடுகளில் ஒற்றினார். அடுத்த முறை, நான் சொல்லாமலே, முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒற்றினார். மகன் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தான். நான் பிடித்த பிடியை மாற்றவில்லை. விரல்கள் மரத்தபோது எலும்பு எங்கே, சதை எங்கே என்று சரிபார்த்துக்கொண்டேன். தாடை உயர்ந்திருந்தவரை மூச்சு ஓசையில்லாமல் வந்தது. என்னால் அவருக்குக் கொடுக்க முடிந்தது அந்த ஓசையின்மை மட்டுமே.

அஸர் பாங்கு கேட்டது. பிறகு ஒரு மூச்சு. பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. பிறகு இன்னொன்று. அதற்குப் பின் வரவேண்டியது வரவில்லை. அது வரவில்லை என்பதை மற்றவர்களுக்கு முன்பே நான் அறிந்தேன். ஆனாலும் பிடித்திருந்தேன்.

சாச்சி எழுந்து போய் வெள்ளைத் துணியில் ஒரு நீளமான கீற்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். உடல் விறைப்பதற்கு முன் இறந்தவரின் தாடையைக் கட்டி வாயை மூடிவிட வேண்டும் என்பது எங்கள் முறை. எத்தனையோ குடும்பங்களுக்கு நானே அதை நினைவூட்டியிருக்கிறேன்.

“மச்சான், கைய எடுங்க.”

நான் எடுக்கவில்லை.

“மச்சான், இனிக் கட்டணும். கைய எடுங்க.” அவருடைய குரல் முன்பைப் போல இல்லை, தாழ்ந்திருந்தது. “ராத்தா இனி மூச்சு விடத் தேவயில்ல.”

எடுத்தேன். தாடை சற்றே தொங்கியது. மகன் எழுந்து வந்து உம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்தான். நாடிக்குக் கீழாகத் துணியைக் கொடுத்து, உச்சியில் கொண்டுபோய், சாச்சி முடிச்சுப் போட்டார். நான் திறந்து வைத்திருந்த வழி மூடப்பட்டது. குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் வந்தார்கள், ஆண்கள் வெளியேறினோம்.

இது அவருடைய வீடு. ஊர் வழக்கப்படி நான் இங்கே மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன். அட்டாளைச்சேனையில் எனக்கு இருந்த வீடு என் சகோதரிக்குப் போய்விட்டது. அவர் இருந்தபோது குசினிக் கதவு வழியாக அயல் பெண்கள் வருவதும் போவதுமாக இருக்கும். அவர்களுடைய குரல்கள் எனக்கு இடைஞ்சல் என்று நினைத்ததுண்டு. இப்போது இது ஒரு ஆண் மட்டும் இருக்கும் வீடு. ஆகவே அவர்கள் மதிலுக்கு அப்பால் நின்றே சோற்றுக்கோப்பையை நீட்டி, சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாச்சியும் தன் கணவர் கூட வரும் நாட்களில்தான் வருகிறார். மரியாதை தவறாதவர்கள். அவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா என்று ஒரு காலம் உண்டு. அவள் வீட்டோடு இருப்பாள், அவள் துக்கத்தில் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆணுக்கு அப்படி எதுவும் விதிக்கப்படவில்லை. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவர் என்னிடம் நெல் விலை பற்றிக் கதைக்கிறார். நானும் கதைக்கிறேன்.

மகன் திரும்பிப் போய்விட்டான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழைப்பான். சாப்பாடு, குருதி அழுத்த மாத்திரை, கிணற்று மோட்டார். அவ்வளவையும் கேட்டு முடித்த பிறகு இருவரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி சற்று நேரம் இருப்போம். அவனுடைய மூச்சு எனக்குக் கேட்கும். அந்த “அப்ப?” இன்னும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. “வைக்கட்டா வாப்பா” என்பான். “ஓம் மகன்” என்பேன்.

கட்டிலில் என் பக்கத்தில் நான் படுக்கிறேன். மற்றப் பக்கத்தில் துவாய் இருக்கிறது. பச்சை, மடித்தபடி, நடுவில் ஒரு சிறு பள்ளத்தோடு. அந்தக் கடைசி மாதங்களில் நான்தான் மடித்து வைப்பேன். கையில் வலு இருந்தவரை அவர் அதை வாங்கி, விரித்து, தானே மடிப்பார். வலு போன பிறகு கண்ணால் பார்த்தே திருத்தச் சொல்வார். நான் விரித்து மீண்டும் மடிப்பேன். இந்தக் கடைசி மடிப்பை, நினைவு தப்புவதற்கு முன், அவர் பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

பள்ளிவாசல் இரவல் தந்த சளி உறிஞ்சும் இயந்திரத்தைத் திருப்பி ஒப்படைப்பது. வேறு வீட்டுக்குத் தேவைப்படும்.

கால் உடைந்து திருத்தக் கொடுத்த அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கல்முனைக் கடையிலிருந்து எடுத்து வருவது.

பொத்துவிலுக்குச் செய்தி சொல்வது; அல்லது, அடுத்த மீன் வந்தால் தலையை என்ன செய்வது என்று தீர்மானிப்பது.

மகனுக்குப் பதில் சொல்வது.

துவாயை விரிப்பது.